வேலூரிலிருந்து ஜாக்கி ஆவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வடாற்காட்டில், அதாவது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில், ரேஸ் கோர்ஸ் ஒன்றும் கிடையாது. ஆனால் கிண்டிக்கும் பெங்களூருக்கும் நடுவில் இருக்கிறோம். காட்பாடியில் ரயில் ஏறினால் சென்னைக்கு இரண்டு மணி நேரம், பெங்களூருக்கு மூன்று, மூன்றரை மணி நேரம். அதனால்தான் பந்தயக் குதிரை ஓட்டும் ஜாக்கி ஆவது பற்றி, ஆண்டுதோறும் சில பெற்றோர்களும் பையன்களும் ஒரே கேள்விகளோடு எங்களிடம் வருகிறார்கள். அவற்றுக்கான பதில்கள் இவை.

பையன் ஒல்லி, உயரமும் குறைவு. ஜாக்கி ஆக அது போதுமா?

போதாது. எடை குறைவு என்பது வாசலில் காட்டும் டிக்கெட். உள்ளே போன பிறகு அதை யாரும் கேட்க மாட்டார்கள். குதிரை என்ன நினைக்கிறது என்று உனக்குத் தெரிகிறதா என்றுதான் கேட்பார்கள்.

ஆனாலும் அந்த டிக்கெட்டை முதலில் சரிபார்த்துவிடுங்கள், கணக்கு எளிது. குதிரையின் திறமைக்கேற்ப எடை ஏற்றும் ஹேண்டிகேப் பந்தயங்களில் கீழ்மட்டக் குதிரைகள் 50 கிலோவை ஒட்டிய எடையைச் சுமக்கும். அதில் சேணம், பூட்ஸ், உடை எல்லாம் அடக்கம். அவற்றுக்கு ஒன்றரை, இரண்டு கிலோ போய்விடும். ஆக ஆளின் உடம்பு 48 கிலோ. 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு 48 கிலோ என்றால் உடல் நிறை குறியீடு 18.7 வரும், ஆரோக்கியத்தின் கீழ் எல்லைக்குள் இருக்கும். அதே 48 கிலோ 165 செ.மீ. ஆளுக்கு 17.6. 170 செ.மீ. என்றால் 16.6. குறியீடு 18.5க்குக் கீழே போனாலே மருத்துவர்கள் குறைந்த எடை என்று எழுதுவார்கள். உயரமானவர்கள் ஜாக்கியாக இருக்கிறார்கள்தான். ஆனால் அவர்கள் வாழ்நாள் முழுக்கத் தட்டோடு சண்டை போடுகிறவர்கள்.

14 வயதுப் பையனை நிறுத்தி வைத்து எடை பார்ப்பதைவிட, அப்பா, அம்மா, தாய்மாமன் உயரத்தைப் பாருங்கள். கை கால் பெரிதாக இருக்கிறதா, செருப்பு அளவு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறதா என்று பாருங்கள். அப்பா ஐந்தடி ஒன்பது அங்குலம் என்றால் பையன் இன்று 38 கிலோ இருப்பதில் ஒன்றும் இல்லை. 18 வயதில் 58 கிலோ நிற்பான். பயிற்சிக்கு நான்கு வருடம் கொடுத்துவிட்டு எடையால் வெளியே வருவதுதான் இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கும் இழப்பு.

எந்த வயதில் சேர வேண்டும்? படிப்பை நிறுத்தலாமா?

நிறுத்த வேண்டாம். 14 வயதுக்குக் கீழே எந்த வேலையிலும் வைப்பது சட்டப்படி குற்றம். 18 வரை ஆபத்தான வேலைகளில் வைக்கத் தடை உண்டு. ரேஸ் கிளப் நடத்தும் அப்ரண்டிஸ் (பயிற்சி ஜாக்கி) பள்ளி வேறு, தனியாள் ஒருவர் தன் லாயத்தில் "வேலை கற்றுக்கொடுக்கிறேன்" என்று கூட்டிக்கொண்டு போவது வேறு. இரண்டாவதை நம்பி அனுப்பாதீர்கள்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கையில் இருக்கட்டும். காரணம் இரண்டு. ஒன்று, பத்தாவது தேறாதவரின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வுச் சோதனை தேவை என்று வரும். நாளைக்கு வளைகுடாவில் நல்ல லாயத்தில் வேலை கிடைத்தாலும் ஒரு படி கூடுதல். இரண்டு, எடை ஏறியோ எலும்பு முறிந்தோ 20 வயதில் வெளியே வர நேர்ந்தால், அந்தச் சான்றிதழ் இல்லாமல் அடுத்த கதவு திறப்பது கஷ்டம். பயிற்சியில் இருக்கும்போதே தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பன்னிரண்டாவது எழுதலாம்.

15, 16 வயதில் முறையான பயிற்சிக்குள் வந்தால் நல்லது. 20 வயதில் முதல்முறையாகக் குதிரை ஏறி ஜாக்கி ஆனவர்கள் அபூர்வம். ஆனால் அந்த வயதில் தொடங்கி காலைப் பயிற்சியில் குதிரை ஓட்டும் நல்ல ரைடிங் பாய் ஆனவர்கள் நிறைய.

வேலூர் பக்கத்தில் குதிரை ஏறிப் பழக இடம் இருக்கிறதா?

கல்யாண ஊர்வலக் குதிரைகள் இருக்கின்றன. அவற்றில் பழகுவதால் நன்மையைவிடக் கெடுதல் அதிகம். வாயைப் பிடித்து இழுத்து நிறுத்தும் பழக்கம் கையில் ஏறிவிடும். அதை மறக்கடிக்கப் பயிற்சியாளருக்கு ஆறு மாதம் பிடிக்கும். முறையாகத் தொடங்க சென்னை அல்லது பெங்களூரில் உள்ள குதிரையேற்றப் பள்ளிகள்தான். கல்லூரிக்குப் போகிறவர்கள் என்.சி.சி.யின் குதிரைப் பிரிவையும் விசாரிக்கலாம். சேணம் கட்டுவதிலிருந்து ஒழுங்காகச் சொல்லித் தருவார்கள், செலவும் கிடையாது.

குதிரை இல்லாமலே ஊரில் செய்யக்கூடிய ஒன்று உண்டு. முழங்காலை மடக்கி, முதுகைத் தரைக்குச் சமமாக வைத்து, கைகளை முன்னே நீட்டி, பந்தய நிலையில் நில்லுங்கள். 1200 மீட்டர் பந்தயம் ஏறக்குறைய ஒன்றேகால் நிமிடம். டெர்பி எனும் 2400 மீட்டர் பெரும் பந்தயம் இரண்டரை நிமிடம். எனவே மூன்று நிமிடம் நடுங்காமல் நிற்பது இலக்கு. முதல் வாரம் 40 விநாடியிலேயே தொடை எரியும். ஒரு நாளைக்கு மூன்று முறை, நடுவில் இரண்டு நிமிட ஓய்வு. குதிகால் தூக்கிக்கொண்டால் தவறு. உடம்பின் பாரம் குதிகால் வழியாகக் கீழே இறங்க வேண்டும். அதோடு பத்து நிமிடம் கயிறு தாண்டுதல், காலையில் கோட்டையைச் சுற்றி ஓட்டம். ஜிம்மில் போய் மார்பும் புஜமும் ஏற்றாதீர்கள். அந்தச் சதையும் தராசில்தான் ஏறும்.

மாடு விடும் விழாவில் காளையோடு ஓடிப் பழகியவன். அது உதவுமா?

தைரியமும், ஓடுகிற விலங்கின் பக்கத்தில் பதறாமல் நிற்பதும் உதவும். அதைவிட உதவுவது விநாடிக் கணக்கு. நம் ஊரில் காளை எல்லைக்கோட்டைத் தாண்டிய நேரத்தை விநாடியின் பின்னம் வரை பேசுகிறவர்கள் சின்னப் பையன்களிலேயே இருக்கிறார்கள். குதிரைப் பந்தயத்தில் அதுதான் மூலதனம். குதிரையைப் பந்தயத்துக்குத் தயார் செய்யும் டிரெய்னர், "இன்றைக்கு ஒரு ஃபர்லாங் 15 விநாடியில் போ" என்பார். ஒரு ஃபர்லாங் சுமார் 200 மீட்டர். 15 விநாடி என்றால் மணிக்கு 48 கி.மீ. கையில் கடிகாரம் கிடையாது, தலைக்குள்தான் ஓட வேண்டும். 13 விநாடியில் போய்விட்டால் அந்த வார இறுதிப் பந்தயத்துக்கு வைத்திருந்த தெம்பை நீங்கள் காலையிலேயே செலவழித்துவிட்டீர்கள்.

உதவாதது ஒன்றும் உண்டு. காளையைச் சத்தம் போட்டு, கூட்டமாக விரட்டுகிறோம். பந்தயக் குதிரை சத்தத்தில் சிதறும். லாயத்தில் கை ஓங்கிப் பேசுகிற பையனை முதல் வாரத்திலேயே வீட்டுக்கு அனுப்புவார்கள், அது சரியும்கூட.

கிண்டியா, பெங்களூரா? எங்கே சேர்வது?

இன்றைய நிலையில் பெங்களூரை முதலில் விசாரியுங்கள். கிண்டி, நாட்டிலேயே பழமையான பந்தய மைதானங்களில் ஒன்று. தென்னிந்திய டெர்பி நடந்துவந்த இடம். ஆனால் 2024 செப்டம்பரில் தமிழக அரசு 160 ஏக்கர் நிலக் குத்தகையை ரத்து செய்தது. அதே ஆண்டு ஊட்டி மைதான நிலத்தையும் எடுத்துக்கொண்டது. இரண்டும் நீதிமன்றத்துக்குப் போன விவகாரங்கள். நான்கு வருடப் பயிற்சிக்குப் பையனை அனுப்பும் முன், அந்தந்த ஆண்டு அங்கே பந்தயம் நடக்கிறதா, எத்தனை நாள் என்று நேரில் போய்க் கேட்பது அவசியம்.

பெங்களூர், புனே, ஹைதராபாத் போன்ற இடங்களில் கிளப்பின் மேற்பார்வையில் அப்ரண்டிஸ்கள் பயிற்சி பெறுகிறார்கள். வயது, எடை, உயரம், படிப்பு வரம்பு ஒவ்வொரு கிளப்புக்கும் ஒவ்வொரு சேர்க்கைக்கும் மாறும். கிளப் அலுவலகத்தில் எழுத்தில் வாங்குங்கள். லாய வாசலில் நிற்பவர் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள். "சீட் வாங்கித் தருகிறேன், ஐம்பதாயிரம் கொடு" என்று இடையில் ஒருவர் வந்தால் அவர் தரகர். அப்ரண்டிஸ் சீட்டுக்குத் தரகர் தேவையே இல்லை.

பயிற்சியில் உண்மையில் என்ன நடக்கும்?

முதல் பல வாரங்கள் குதிரை மேல் இருப்பதைவிடக் குதிரைக்குக் கீழே இருப்பதே அதிகம். விடியற்காலை நான்கு, நான்கரைக்கு எழ வேண்டும். லாயத்தைச் சுத்தம் செய்வது, தண்ணீர், தீனி, உடம்பு தேய்ப்பது. இது குதிரையைப் பராமரிக்கும் சாயிஸின் வேலை, நமக்கெதற்கு என்று நினைக்கிற பையன் நல்ல ஜாக்கி ஆனதில்லை.

ஒரு சின்ன வேலையைச் சொல்கிறோம், அதில் முழுத் தொழிலும் இருக்கிறது. காலையில் குதிரையை வெளியே எடுக்கும் முன், முன்னங்காலின் பின்புறம், முழங்காலுக்குக் கீழே ஓடும் தசைநாரை உள்ளங்கையால் மேலிருந்து கீழே தடவ வேண்டும். இரண்டு காலும் ஒரே சூடா, ஒன்றில் மட்டும் இளஞ்சூடு தெரிகிறதா? விரலால் லேசாக அழுத்தினால் காலை இழுத்துக்கொள்கிறதா? கயிறு போல இறுக்கமாக இருக்க வேண்டிய இடம் கொழகொழவென்று இருக்கிறதா? இதில் ஒன்று தெரிந்தாலும் அன்று ஓட்டம் கிடையாது, உடனே டிரெய்னரிடம் சொல்ல வேண்டும். அன்றைக்கு ஒரு வார ஓய்வில் சரியாகியிருக்க வேண்டியது, கவனிக்காமல் ஓட்டினால் தசைநார் கிழிந்து ஒரு வருடம் லாயத்தில் நிற்கும். சில குதிரைகள் திரும்பி வருவதே இல்லை.

குளம்பைச் சுத்தம் செய்யும்போது கொக்கியைக் குதிகால் பக்கத்திலிருந்து நுனி நோக்கி இழுக்க வேண்டும். எதிர்ப்பக்கம் இழுத்தால் நடுவிலுள்ள மென்மையான பகுதியில் குத்திவிடும். தீனியும் நேரமும் மாறினால் வயிற்றுவலி வரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் நமக்குச் சாதாரணமாகத் தெரிகிற வயிற்றுக்கோளாறு அதற்கு உயிராபத்து. வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, முன்காலால் தரையைச் சுரண்டுவது, படுத்துப் புரளப் பார்ப்பது இவைதான் அடையாளம். பார்த்ததும் தீனியை எடுத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

ஏற்றத்தில் வரிசை இப்படி: நீண்ட கயிற்றில் வட்டமாகச் சுற்றும் குதிரை மேல் அங்கவடி (சேணத்தில் கால் வைக்கும் வளையம்) இல்லாமல் உட்கார்ந்து சமநிலை பழகுவது, பிறகு நடை, ட்ராட் (துள்ளு நடை), கேண்டர் (மிதமான ஓட்டம்), கடைசியாக கேலப் (முழு வேகப் பாய்ச்சல்). அங்கவடியின் நீளத்தைப் படிப்படியாகக் குறைப்பார்கள். அவசரப்பட்டு முதல் மாதமே குட்டையாகக் கட்டினால் குதிரை சற்றுத் தலையை இழுத்தாலும் முன்பக்கமாகப் போய் விழுவீர்கள்.

அங்கவடியைக் குட்டையாக்கிக் குனிந்து ஓட்டும் முறை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் பரவியது. அது பரவிய காலத்தில் பந்தய நேரங்கள் 5 முதல் 7 சதவீதம் குறைந்தன என்று 2009இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. காரணம், ஜாக்கியின் முழங்காலும் இடுப்பும் குதிரையின் ஏற்ற இறக்கத்தை வாங்கிக்கொள்கின்றன. குதிரை அவர் எடையைச் சுமக்கிறதே தவிர, ஒவ்வொரு தாவலிலும் அந்த எடையை மேலே தூக்கிப் போட வேண்டியதில்லை. அதற்கான கூலியை ஜாக்கியின் தொடை கொடுக்கிறது.

கை விஷயம் தனி. இரண்டு கடிவாள வார்களையும் குறுக்காகப் போட்டு இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்து, குதிரையின் கழுத்தில் ஊன்றிக்கொள்வதுதான் பிரிட்ஜ். குதிரை இழுத்தால் அது தன் கழுத்தோடுதான் இழுக்கும், உங்கள் தோளோடு அல்ல. புதியவர்கள் பிரிட்ஜை விட்டுவிட்டுத் தோளால் இழுப்பார்கள். இழுக்க இழுக்கக் குதிரை இன்னும் வேகமாகப் போகும். ஸ்டார்ட்டிங் கேட்டில் வாரோடு சேர்த்து ஒரு பிடி பிடரி மயிரையும் பிடிக்கச் சொல்வார்கள். கதவு திறந்ததும் குதிரை பாயும்போது உடம்பு பின்னால் போகும், அப்போது வாரில் தொங்கினால் கடிவாள இரும்பு குதிரையின் வாயில் அறையும். இரண்டு முறை அப்படி அடி வாங்கிய குதிரை, மூன்றாம் முறை கேட்டுக்குள் போகவே மறுக்கும்.

அப்ரண்டிஸ் சலுகை என்றால் என்ன?

அனுபவம் குறைந்த பையனை ஏற்ற உரிமையாளர்கள் தயங்குவார்கள். அதை ஈடுகட்ட, அப்ரண்டிஸ் ஏறினால் குதிரை சுமக்கும் எடையில் சில கிலோ கழிவு தருவார்கள். வெற்றிகள் கூடக்கூடக் கழிவு குறைந்து, கடைசியில் இல்லாமல் போகும். இந்தியாவில் கிளப் விதிகளில் அளவு இருக்கும். பிரிட்டனில் 20 வெற்றி வரை 7 பவுண்டு, 50 வரை 5, 95 வரை 3.

கழிவு இருக்கும்போது வாய்ப்பு தானாக வரும். அது போன மறுநாள்தான் உண்மையான சோதனை. நேற்று வரை உங்களைக் கூப்பிட்ட டிரெய்னர், அதே எடையில் பத்து வருட அனுபவம் உள்ளவரைக் கூப்பிடலாம். நிறையப் பேர் தேங்கி நிற்பது இந்த இடத்தில்தான். அதைத் தாண்டுகிறவர்கள், அப்ரண்டிஸ் காலத்திலேயே தினமும் காலை ட்ராக்கில் மூன்று, நான்கு டிரெய்னர்களின் குதிரைகளை ஓட்டி, ஓட்டி முடித்து இறங்கியதும் குதிரை எப்படி இருந்தது என்று இரண்டே வாக்கியத்தில் சரியாகச் சொல்லத் தெரிந்தவர்கள். "நல்லா போச்சு சார்" என்பது தகவல் இல்லை. "வளைவில் வெளிப்பக்கம் சாய்ந்தது, கடைசி 200 மீட்டரில் மூச்சு சத்தம் கேட்டது" என்பது தகவல்.

பந்தய நாளில் எடை எப்படிப் பார்க்கிறார்கள்?

அட்டவணையில் உங்கள் குதிரைக்கு 54 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 49, சேணமும் உடையும் 2. மிச்சம் 3 கிலோ ஈயத் தகடுகளாகச் சேணத்துக்கு அடியில் உள்ள பையில் போகும். சேணத்தைக் கையில் ஏந்தித் தராசில் ஏற வேண்டும். ஹெல்மெட், சவுக்கு, கடிவாளம் பொதுவாகக் கணக்கில் வராது. பந்தயம் முடிந்ததும் மறுபடி தராசு. எடை குறைந்தால் ஜெயித்த குதிரையும் தகுதி இழக்கும். எனவே ஈயத்தை இரண்டு பக்கமும் சமமாகப் பிரித்தார்களா, பை மூடியிருக்கிறதா, வயிற்றுப்பட்டி இறுகியிருக்கிறதா என்று ஏறும் முன் உங்கள் கையால் பாருங்கள். சேணம் சரிவது பெரும்பாலும் பட்டி தளர்ந்ததால்தான். பட்டி போடும்போது குதிரை வயிற்றை உப்பிக்கொள்ளும், இரண்டு நிமிடம் நடந்த பிறகு மறுபடி இறுக்க வேண்டும்.

எடையைக் குறைக்க என்ன சாப்பிடுவது? பட்டினி கிடக்க வேண்டுமா?

இந்தக் கேள்விக்குத்தான் பெற்றோர் அதிகம் கவனம் தர வேண்டும். வளர்கிற பையனைப் பட்டினி போட்டு எடையில் வைத்தால், முதலில் போவது எலும்பின் அடர்த்தி. விழுவது உறுதியான ஒரு தொழிலுக்குப் பலவீனமான எலும்போடு போவது எவ்வளவு தவறு என்று சொல்ல வேண்டியதில்லை.

நம் ஊர்ச் சாப்பாடே இதற்கு ஏற்றது. கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. தானியங்களில் இதற்கு ஈடு இல்லை. காலையில் ஓட்டம் முடித்து வந்து ஒரு உருண்டை களி, கீரைக் குழம்பு, ஒரு முட்டை. மதியம் சோற்றின் அளவைப் பாதியாக்கிப் பருப்பையும் காயையும் இரட்டிப்பாக்குங்கள். கடுமையாக உழைக்கிற 50 கிலோ ஆளுக்கு நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் தேவை. முட்டைக்கு 6 கிராம், ஒரு சின்னக் கிண்ணம் பருப்புக் குழம்புக்கு ஏறக்குறைய 7 கிராம் என்று கணக்குப் போட்டால் எவ்வளவு வேண்டும் என்று தெரியும். ஆம்பூர் பிரியாணி பந்தயம் இல்லாத நாளைக்கு, ஒரு தட்டு. அதை முழுக்கத் தடை செய்யாதீர்கள். தடை செய்தால் ஊருக்கு வரும்போது மூன்று நாளில் மூன்று கிலோ ஏற்றிக்கொண்டு போவான்.

எடை இறக்க வேண்டியிருந்தால் வாரத்துக்கு அரை கிலோவுக்கு மேல் வேண்டாம். தினமும் காலையில் கழிப்பறை போய்வந்து, வெறும் வயிற்றில், ஒரே தராசில் பார்த்து நோட்டில் எழுதுங்கள்.

கடைசி நேரத்தில் வியர்த்து இறக்குவது உலகம் முழுக்க இருக்கும் பழக்கம். போர்வை போர்த்திக்கொண்டு ஓடுவது, நீராவி அறையில் உட்காருவது, தண்ணீர் குடிக்காமல் இருப்பது. 50 கிலோ ஆளுக்கு ஒரு கிலோ நீர் போனாலே, அதாவது 2 சதவீதம், உடல் திறன் குறையத் தொடங்குகிறது. இரண்டு கிலோ என்றால் பிடி தளரும், முடிவெடுப்பது தாமதமாகும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில், முன்னால் ஒரு குதிரை தடுமாறும்போது உங்களுக்குக் கிடைப்பது அரை விநாடி. நீர் இறக்கும் மாத்திரையைத் தொடவே கூடாது. அது தடை செய்யப்பட்ட பொருள், இதயத் துடிப்பையும் குலைக்கும்.

விழுந்தால்? புத்தூர் கட்டு போட்டால் போதாதா?

விழுவீர்கள். அதனால் எப்படி விழுவது என்று பயிற்சியிலேயே சொல்லித் தருவார்கள்: வாரை விடு, முகவாயை மார்போடு சேர், தோளில் உருண்டு பந்தாகச் சுருண்டுகொள், பின்னால் வரும் குதிரைகள் போகும்வரை எழுந்திருக்காதே. கையை ஊன்றி விழுகிறவர்களுக்குத்தான் காறை எலும்பு உடையும். ஜாக்கிகளிடம் மிக அதிகமாக உடைவதும் அதுவே. சாதாரண முறிவு கூட ஆறு முதல் எட்டு வாரம் எடுக்கும்.

புத்தூர் கட்டின் மேல் நம் பக்கத்துக்கு இருக்கும் நம்பிக்கை பெரியது. ஆனால் பந்தயத்தில் விழுந்தவருக்கு எலும்பு மட்டும் பிரச்சினை இல்லை. குதிரை மிதித்திருந்தால் மண்ணீரல், கல்லீரல் காயம் வெளியே தெரியாது. கை மரத்துப் போனால் நரம்போ ரத்தக்குழாயோ மாட்டியிருக்கலாம். எனவே முதலில் பெரிய மருத்துவமனை, எக்ஸ்ரே, தேவைப்பட்டால் ஸ்கேன். மறுபடி குதிரை ஏற கிளப் மருத்துவர் கேட்பதும் அந்தப் படங்களையும் சான்றிதழையும்தான்.

தலையில் அடிபட்டு ஒரு கணம் நினைவு தப்பினாலும், வாந்தி வந்தாலும், "இது எத்தனையாவது ரேஸ்?" என்று கேட்டாலும், அன்று மறுபடி ஏறவே கூடாது. அடி வாங்கிய ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே நசுங்கியிருக்கும், மாற்றிவிடுங்கள். டெட்டனஸ் ஊசி போட்ட தேதியை நோட்டில் எழுதி வையுங்கள். குதிரைச் சாணம் கலந்த மண்ணில் அந்தக் கிருமி சாதாரணம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி இலவசம்.

வருமானம் எவ்வளவு?

இரண்டு வழி. ஒவ்வொரு சவாரிக்கும் ஒரு கட்டணம். ஜெயித்தால் பரிசுத் தொகையில் ஒரு பங்கு. ஜாக்கியின் பங்கு வழக்கமாக 7.5 சதவீத அளவில் இருக்கும். இரண்டு லட்ச ரூபாய்ப் பரிசு என்றால் 15,000. மாதம் நான்கு வெற்றி வந்தால் 60,000. ஒன்றும் வராத மாதமும் உண்டு. பயண, தங்கும் செலவு, உதவியாளர் கூலி எல்லாம் இதற்குள்ளேதான்.

உச்சியில் இருப்பவர்கள் கோடிகளில் சம்பாதிக்கிறார்கள். அதை மட்டும் பார்த்து வராதீர்கள். சிலரின் வீட்டில் இரண்டு தலைமுறையாகப் பந்தயம் நடக்கிறது. முன்னணி ஜாக்கி சூரஜ் நரேடுவின் அப்பா டிரெய்னர், பெரிய ஜாக்கியாக இருந்த மலேஷ் நரேடுவும் அதே குடும்பம். வேலூரிலிருந்து போகிற பையனுக்கு அந்த அறிமுகம் கிடையாது, முதல் ஐந்து வருடம் அவன் உழைப்புதான் அறிமுகம். இன்னொன்று, பந்தயப் பணத்தின் மீதான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28இலிருந்து 40 சதவீதமாகிவிட்டது. கட்டுகிற பணம் குறைந்தால் கிளப்பின் வருவாய் குறையும், பரிசுத் தொகை குறையும், ஜாக்கியின் பங்கும் குறையும்.

சம்பளம்போல நிலையாக வருவது காலை ட்ராக் ஓட்டத்துக்கான பணம்தான். வீட்டுச் செலவை அதற்குள் வையுங்கள். பரிசுப் பங்கை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

பெண்கள் ஜாக்கி ஆகலாமா?

ஆகலாம். ஆண்களோடு அதே பந்தயத்தில்தான் ஓட்ட வேண்டும். சென்னையின் ரூபா சிங் இங்கேயே ஓட்டி வெற்றிகள் பெற்றவர். 2015இல் மிஷெல் பெய்ன் என்ற பெண், ஆஸ்திரேலியாவின் பெரிய பந்தயமான மெல்பர்ன் கோப்பையை வென்றார். லாயம் முழுக்க ஆண்கள் இருக்கும் இடம் என்பதால், மகளை அனுப்புகிறவர்கள் தங்கும் அறை, கழிப்பறை, உடை மாற்றும் இடம், புகார் சொல்ல ஒரு பெண் அதிகாரி இவையெல்லாம் இருக்கிறதா என்று நேரில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம்.

சூதாட்டம்தானே, குடும்பத்துக்குக் கெட்ட பெயர் வராதா?

தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974இல் சட்டமே வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று 1996இல் தீர்ப்பானது. பணம் கட்டிக் குடும்பத்தை அழித்தவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள், அந்தப் பயம் நியாயமானது. ஆனால் ஜாக்கி பணம் கட்டவே கூடாது என்பது விதி.

ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வரும். பெயர் நாளிதழில் வந்த வாரமே, "மச்சான், சனிக்கிழமை எது வரும்?" என்று கூடப் படித்தவர்கள் போன் செய்வார்கள். மாமாவும் சித்தப்பாவும்கூடக் கேட்பார்கள். குதிரையின் உள் நிலவரத்தைச் சொல்வது ஒழுங்கு மீறல். நிரூபணமானால் உரிமம் போகும். "அதைப் பற்றிப் பேசக் கூடாது மாமா, வேலை போயிடும்" என்று முதல் முறையே சொல்லிவிடுவது நல்லது. உறவினர் பெயரில் பணம் கட்டச் சொல்வது அதைவிட மோசம்.

வளைகுடாவில் லாய வேலை வாங்கித் தருவதாகச் சொல்கிறார்கள். போகலாமா?

நல்ல வேலைகள் இருக்கின்றன. குதிரை ஓட்டத் தெரிந்த இந்தியர்களுக்கு அங்கே மதிப்பு உண்டு. ஆனால் வேலை விசாவில்தான் போக வேண்டும், சுற்றுலா விசாவில் போகக் கூடாது. முகவர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவானவரா என்று பாருங்கள். பதிவான முகவர் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும்தான். ஒப்பந்தத்தில் ரைடரா, சாயிஸா என்று எழுதியிருக்க வேண்டும். ரைடர் என்று பேசி ஒட்டகத் தொழுவத்தில் நிறுத்திய கதைகள் உண்டு.

ஜாக்கி ஆக முடியாமல் போனால்?

ரைடிங் பாய், ட்ராக் ரைடர், உதவி டிரெய்னர், குட்டிக் குதிரைகளை முதல்முறை பழக்குகிறவர், குதிரையேற்றப் பள்ளி ஆசிரியர், லாடம் அடிப்பவர், கால்நடை மருத்துவரின் உதவியாளர். ஜாக்கியாக ஓய்ந்தபின் டிரெய்னர் உரிமம் எடுப்பது வழக்கமான அடுத்த படி. பெஸி ஷ்ராஃப் இரண்டிலும் உச்சம் தொட்டவர். இவற்றில் லாட வேலைக்கு எடை வரம்பு கிடையாது, நல்ல ஆள் கிடைப்பது எப்போதும் அரிது. எடை ஏறிவிட்ட பையன்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது அதைத்தான்.

நேர்காணலுக்குப் போகும்போது என்ன எடுத்துப் போக வேண்டும்?

பிறப்புச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், ஆதார், தடுப்பூசி அட்டை, கண் பரிசோதனைச் சீட்டு. கண்ணாடி போடுகிறவர் முன்கூட்டியே கண் மருத்துவரிடம் மென் கான்டாக்ட் லென்ஸ் பொருந்துமா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெற்றோரில் ஒருவர் கூட வரவேண்டும். ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்து தேவைப்படும்.

கையெழுத்துப் போடும் முன் ஐந்தைக் கேளுங்கள். எத்தனை வருடக் கட்டுப்பாடு? நடுவில் வெளியே வந்தால் பணம் கட்ட வேண்டுமா? உதவித்தொகை எவ்வளவு, யார் வங்கிக் கணக்குக்கு வரும்? விபத்துக் காப்பீடு பயிற்சி நேரத்துக்கும் சேர்த்தா, பந்தய நாளுக்கு மட்டுமா? வார ஓய்வும் படிக்க நேரமும் உண்டா? நகல் ஒன்றைக் கையோடு வாங்கிக்கொண்டு வாருங்கள்.